கடிகார வார் ஒரு துளை தள்ளிப் போகிறது. "இரண்டு கையும் ஒரே அளவுதான்" என்கிறார்கள்

நெட்டெழுத்து | செவ்வாய், இரவு 10:48

14 மாதங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பில் அறுவை சிகிச்சை. அக்குளில் 16 நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். பிறகு கீமோ, கடைசியாகக் கதிர்வீச்சு. அது முடிந்து ஆறு மாதங்கள் ஆகின்றன.

இடது மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவது என் பழக்கம். தோல் வார். பல ஆண்டுகளாக ஒரே துளையில்தான் முள்ளைச் செருகுகிறேன். அந்த இடத்தில் தோல் மடிந்து கறுத்துப்போயிருக்கிறது. மூன்று வாரங்களாக மாலை நான்கு மணிக்கு மேல் அந்தத் துளை இறுக்குகிறது. அடுத்த துளைக்குத் தள்ளிவிடுகிறேன். காலையில் எழுந்தால் பழைய துளையே போதுமானதாக இருக்கிறது.

கண்ணுக்கு வீக்கம் எதுவும் தெரியவில்லை. ஆனால் கை கனக்கிறது, எதையும் தூக்காமலே. தவிர, மேல்கையின் உட்புறத்தில் ஓர் எரிச்சல். சட்டைத் துணி உரசினால்கூடச் சுருக்கென்கிறது.

சென்ற வாரம் மறுபரிசோதனையில் இதைச் சொன்னேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் அளவு நாடாவை எடுத்து முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் இரண்டு கைகளையும் அளந்தார். "இரண்டும் ஒரே அளவு. வீக்கம் இல்லை. நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறீர்கள், களைப்பாக இருக்கும்" என்றார். நிம்மதியோடு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா?

ஒன்பதாம்ஆண்டு | செவ்வாய், இரவு 11:20

கற்பனை இல்லையம்மா. எனக்கும் கனம்தான் முதலில் வந்தது. ஈரத் துவாலையைப் பிழியாமல் தோளில் போட்டுக்கொண்டது போன்ற கனம். வலி என்று சொல்லும்படி இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு புறங்கையில் பச்சையாக ஓடும் இரத்தக் குழாய்கள் ஒரு கையில் மட்டும் மங்கின. விரல் முட்டிகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் நிரவிப்போயின. உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு கை மட்டும் எப்படிப் பூசும் என்று கேட்க அப்போது ஆள் இல்லை.

ஏழு மாதங்களை அப்படியே ஓட்டினேன். முதலில் இரவு தூங்கி எழுந்தால் வடிந்துவிடும், உங்களுக்கு இப்போது வடிவதைப் போலவே. பிறகு பாதி வடிந்தது. பிறகு காலைக்கும் மாலைக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. கட்டைவிரலால் அழுத்தினால் முன்பு குழி விழும்; கடைசியில் குழிகூட விழவில்லை, தோலுக்கு அடியில் ரப்பர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இன்றும் பகல் முழுவதும் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்துதான் இருக்கிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. காலையில் பழைய துளை போதுமானதாக இருக்கும் இந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

நாடாவும்பேனாவும் | புதன், காலை 6:35

நான் பிசியோதெரபிஸ்ட். பல ஆண்டுகளாக நிணநீர் வீக்கம், அதாவது நிணநீர் வடியாமல் தேங்கி வரும் வீக்கம், மட்டுமே பார்க்கிறேன். இங்கிருந்தபடி நோயைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த "ஒரே அளவு" என்னை உறுத்துகிறது.

நெட்டெழுத்து, நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவரா? அப்படியானால் வலக்கை இடக்கையைவிடச் சற்றுப் பருமனாக இருப்பதே இயல்பு. இடக்கை அதை எட்டிப் பிடித்துவிட்டது என்றால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது அரைகுறை வேலை. அறுவைக்கு முன் இதே கை எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. அந்த அளவை யாராவது எழுதி வைத்தார்களா?

நிணநீருக்கு இதயம் போல ஒரு பம்பு கிடையாது. நுண்குழாய்கள் தாமே சுருங்குவதாலும், தசை அசைவதாலும், மூச்சு ஏறி இறங்குவதாலும்தான் அது மேலே போகிறது. அக்குள் முடிச்சுகளை எடுத்தபின் கதிர்வீச்சும் சேர்ந்தால் பாதை குறுகுகிறது. மிச்சமுள்ள குழாய்கள் பல மாதங்கள் கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் நாடாவில் ஒன்றும் தெரியாது. கைக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் கனமும் இறுக்கமும் தெரியும். இதைப் பூச்சிய நிலை என்கிறோம். முதல் நிலையில் வீக்கம் வரும், கையை உயர்த்தி வைத்தால் வடியும். இரண்டாம் நிலையில் உயர்த்தினாலும் வடியாது, திசு தடிக்கத் தொடங்கும். ஒன்பதாம்ஆண்டு அக்கா சொன்ன ரப்பர் அதுதான்.

16 முடிச்சுகள் என்பது முழு அக்குள் அறுவை. 2013இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, முழு அறுவை செய்துகொண்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 20 பேருக்கும், நிணநீர் முதலில் வந்து சேரும் காவல் முடிச்சுகளை மட்டும் எடுத்தவர்களில் 5 அல்லது 6 பேருக்கும் நிணநீர் வீக்கம் வந்திருந்தது. ஆக ஐந்தில் நான்கு பேருக்கு வரவில்லை, அதையும் நினைவில் வையுங்கள். வருபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

எரிச்சல் வேறு கதை. மாலையில் எழுதுகிறேன்.

நெட்டெழுத்து | புதன், காலை 8:02

ஆம், வலக்கைப் பழக்கம்தான். அறுவைக்கு முன் யாரும் கையை அளக்கவில்லை. எடை, உயரம், இரத்த அழுத்தம் எல்லாம் எழுதினார்கள். கையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வில்நாண் | புதன், காலை 9:15

எல்லாக் கைவலியும் நிணநீர் வீக்கம் ஆகிவிடாது என்பதற்கு என் கதை. அறுவை முடிந்த நான்காவது வாரம். அலமாரியின் மேல்தட்டை எட்டக் கையை உயர்த்தினேன், தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் நீட்டினால் அக்குளிலிருந்து முழங்கை மடிப்பு வரை தோலுக்கு அடியில் ஒரு நூல், இழுத்துக் கட்டிய வில்லின் நாண் போல எழும்பி நிற்கிறது. கையை மடக்கினால் மறைந்துவிடும். கட்டைவிரல் வரை இழுத்தது.

கயிறு விழுதல் என்று சொன்னார்கள். அக்குள் வலைக் கோளாறு என்றும் பெயராம். இரண்டு மாதம் மெதுவாக இழுத்துப் பயிற்சி செய்ததில் தளர்ந்துவிட்டது. வீக்கம் இன்றுவரை இல்லை. உறவினர் ஒருவர் "பட்டென்று இழுத்தால் அறுந்துவிடும், பிறகு சரியாகிவிடும்" என்று யோசனை சொன்னார். நல்லவேளை, செய்யவில்லை.

நாடாவும்பேனாவும் | புதன், இரவு 8:50

வில்நாண் சொன்னது சரி. பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் எட்டு வாரங்களில் தோன்றும், பலருக்கு மூன்று மாதங்களில் கரையும். கயிறு வந்தவர்கள் வீக்கத்துக்கும் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது எரிச்சல். அக்குளைக் கடந்து மேல்கையின் உட்புறத் தோலுக்குப் போகும் ஓர் உணர்வு நரம்பு உண்டு. முடிச்சுகளை எடுக்கும்போது அது இழுபடும், சில சமயம் அறுபடும். அந்த இடம் மரத்துப்போகும், அல்லது எரியும், அல்லது துணி பட்டாலே சுருக்கென்னும். மரத்த இடமே எரிகிறது என்றால் கேட்பவர் நம்பமாட்டார், ஆனால் நரம்பு வலியின் போக்கே அப்படித்தான். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அறுவைக்குப் பிந்தைய நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துவார்கள். சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. கேபபென்டின், டுலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம். கனம் நிணநீரால், எரிச்சல் நரம்பால்.

வீட்டிலேயே அளக்க ஒரு வழி. மேசை மேல் கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி வையுங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தும் எலும்புதான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து 10 செ.மீ.க்கு ஒரு பேனா கோடு. ஒவ்வொரு கோட்டிலும் நாடா தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது; நாடாவின் கீழ் விளிம்பு கோட்டின் மேல் உட்கார வேண்டும். அளப்பவர் ஒரே ஆளாகவும் நேரம் ஒரே நேரமாகவும் இருக்கட்டும். காலை அளவை மாலை அளவோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். வாரம் ஒருமுறை போதும். தினமும் அளந்தால் பைத்தியம் பிடிக்கும், நாடாவுக்கும் சேர்த்து.

துணைவன் | வியாழன், காலை 7:10

நோயாளி என் மனைவி. நிணநீர் வீக்கம் லேசாகத்தான் இருந்தது. ஒரு நாள் நகத்தோரத் தோலைப் பிய்த்துவிட்டாள், அவ்வளவுதான். மறுநாள் மதியம் குளிர்காய்ச்சல். முன்கையில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு, தொட்டால் சுட்டது. முதலில் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன், அது என் பிழை. சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. உடனே கிளம்பினோம். மூன்று நாட்கள் இரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக். கை பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை, ஒரு படி கூடுதலாக நின்றுவிட்டது.

நெட்டெழுத்து சகோதரி, வீக்கம் இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கையில் சிவப்பும் சூடும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மறுநாள் வெளிநோயாளர் பிரிவு திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நாடாவும்பேனாவும் | வியாழன், காலை 7:42

துணைவன் சொன்னதற்கு மேல் இரண்டு. கை ஒரே நாளில் மளமளவென்று வீங்கி, நீலம் பாரித்து, தோளிலும் மார்பிலும் இரத்தக் குழாய்கள் புடைத்தால் அது இரத்த உறைவாக இருக்கலாம். கீமோ மருந்து ஏற்றக் குழாயோ, தோலுக்கு அடியில் புதைக்கும் போர்ட்டோ வைத்திருந்தவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அன்றே ஸ்கேன் வேண்டும். இன்னொன்று, நாளுக்கு நாள் ஏறும் வலி, இரவில் எழுப்பும் வலி, விரல்களில் வலு குறைதல், காறை எலும்புக்கு மேலே புதிய கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பிசியோவிடம் வராதீர்கள், நேரே புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். நோய் திரும்பவில்லை என்று முதலில் உறுதிசெய்துகொண்டுதான் நான் கையைத் தொடுவேன்.

ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் நிணநீர் மசாஜ் கூடாது.

எச்சரிக்கைமணி | வியாழன், பிற்பகல் 1:30

அடிப்படையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அந்தக் கையில் ஊசி கூடாது, இரத்த அழுத்தப் பட்டை கட்டக் கூடாது, விமானத்தில் உறை இல்லாமல் ஏறக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நான் ஆறு ஆண்டுகளாக இதைத்தான் கடைப்பிடிக்கிறேன், எனக்கு வரவில்லை.

நாடாவும்பேனாவும் | வியாழன், இரவு 9:05

எச்சரிக்கைமணி அம்மா, உங்களுக்கு வராததில் மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பட்டியலில் பெரும்பகுதி பழைய பயத்தில் எழுதப்பட்டது. 2016இல் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 632 பெண்களைத் தொடர்ந்து அளந்து வெளியிட்ட ஆய்வில், இரத்தம் எடுத்ததற்கோ ஊசிக்கோ அழுத்தப் பட்டைக்கோ விமானப் பயணத்துக்கோ கையின் அளவு கூடியதோடு தொடர்பு தென்படவில்லை. உடல் எடை அதிகமாக இருந்ததும், முழு அக்குள் அறுவையும், நிணநீர் முடிச்சுப் பகுதிக்குக் கொடுத்த கதிர்வீச்சும், அந்தப் பக்கத்துத் தோல் தொற்றும்தான் தொடர்பு காட்டின. மறுகை சும்மா இருக்கும்போது அதில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நானும் அதையே சொல்வேன். ஆனால் அவசரத்தில் இந்தக் கையில் ஒருமுறை இரத்தம் எடுத்துவிட்டார்கள் என்பதற்காக ஒரு பெண் இரவெல்லாம் அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகைக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை.

தூக்கக் கூடாது என்பதை ஏற்கவே மாட்டேன். 1996இல் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களை நீளப் படகில் துடுப்புப் போட வைத்தார். கைக்கு வேலை கொடுத்தால் வீங்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 141 பெண்களோடு நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஏற்கெனவே வீக்கம் உள்ளவர்கள் வாரம் இருமுறை எடை தூக்கினார்கள், உறை அணிந்துகொண்டு, சிறிய எடையிலிருந்து படிப்படியாக. தூக்காதவர்களில் 29 விழுக்காட்டினருக்கு வீக்கம் திடீரென மோசமானது. தூக்கியவர்களில் 14 விழுக்காட்டினருக்குத்தான்.

எச்சரிக்கைமணி | வியாழன், இரவு 9:40

எண்கள் இருக்கட்டும். என் கையில் ஊசி போட நான் விடப்போவதில்லை.

நாடாவும்பேனாவும் | வியாழன், இரவு 9:44

உங்கள் கை, உங்கள் உரிமை. கையை மடியில் வைத்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

காலைவிறைப்பு | வெள்ளி, காலை 6:20

ஓர் இடைச்செருகல். எனக்கும் மோதிரம் இறுக்கியது, பதறிப் போனேன். ஆனால் இரண்டு கைகளிலும் இறுக்கியது, அதுவும் காலையில். எழுந்து அரை மணி நேரம் விரல் மடங்காது. புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையால் வரும் மூட்டு வலி என்றார்கள். மாற்று மாத்திரையில் பாதி குறைந்துவிட்டது. நெட்டெழுத்துக்கு ஒரு கையில், மாலையில். அதனால் இது அது இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நெட்டெழுத்து | சனி, இரவு 7:30

இன்று என் தங்கை அளந்தாள். இடக்கை மணிக்கட்டில் 16.1, வலக்கை 15.7. பத்தாவது செ.மீ. கோட்டில் 21.6, 21.2. இருபதில் 24.5, 24.4. மேல்கையில் இரண்டும் சமம். எங்கும் 2 செ.மீ. வித்தியாசம் இல்லை. அதுதானே எல்லைக்கோடு என்று படித்தேன்?

பக்கத்து வீட்டு அக்கா, தன் கால் வீக்கத்துக்குக் கொடுத்த நீர் பிரியும் மாத்திரையைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

ஒன்பதாம்ஆண்டு | சனி, இரவு 7:41

மாத்திரையைத் தொடாதீர்கள். நானும் மூன்று மாதம் விழுங்கியவள். குளியலறைக்கு நடந்ததுதான் மிச்சம்.

நாடாவும்பேனாவும் | சனி, இரவு 8:15

அக்கா சொன்னதே சரி. இங்கே தேங்குவது வெறும் நீர் இல்லை, புரதம் கலந்தது. மாத்திரை நீரை மட்டும் இழுக்கும், புரதம் திசுவிலேயே நின்று மறுபடி நீரைச் சேர்த்துக்கொள்ளும்.

2 செ.மீ. என்பது வீக்கம் என்று ஏட்டில் எழுதுவதற்காகப் பல இடங்களில் வைத்திருக்கும் எல்லை. அதை எட்டும்வரை சும்மா இருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. உங்கள் எண்களைப் பாருங்கள். மேலே சமம், கீழே போகப் போக இடக்கை பெரிது. வலக்கைப் பழக்கக்காரருக்கு இது தலைகீழ். முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் அளந்தால் எப்படித் தெரியும்?

அறுவைக்கு முந்தைய அளவு இல்லை என்றீர்கள். இருக்கிறது. கடிகார வாரில் கறுத்துப்போன அந்த மடிப்புதான் அது. அந்தக் கடிகாரத்தையே கையோடு கொண்டுபோங்கள். மாலையில் நேரம் வாங்குங்கள். மெல்லிய மின்னோட்டம் செலுத்தித் திசு நீரை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். நாடாவில் தெரியாததையும் அது பல சமயம் காட்டும். பூச்சிய நிலையில் பிடித்த 43 பெண்களுக்கு அழுத்த உறை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதம் அணிந்ததிலேயே கை பழைய அளவை நெருங்கியது. கடையில் கண்ணால் பார்த்து உறை வாங்காதீர்கள். அளவெடுத்துத்தான் அணிய வேண்டும். தப்பான உறை, ஓரிடத்தில் கயிறு கட்டியது போல இறுக்கி, வீக்கத்தை விரல்களுக்குத் தள்ளிவிடும்.

நெட்டெழுத்து | ஏழு வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5:12

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வேறொரு மருத்துவரிடம் போனேன். கடிகாரத்தை மேசை மேல் வைத்தபோது கூச்சமாகத்தான் இருந்தது. அவர் வாரை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். எங்கே என்றோ எவ்வளவு என்றோ கேட்கவில்லை. மின்னோட்டக் கருவியில் இடக்கை இயல்பைத் தாண்டியிருந்தது. ஆரம்ப நிலை நிணநீர் வீக்கம் என்றே எழுதினார்கள். இரத்த உறைவு இல்லை, நோய் திரும்பவில்லை என்பதையும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டார்கள்.

20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தமுள்ள உறை. காலையில் எழுந்ததும் அணிந்து, படுக்கும்போது கழற்றுகிறேன். முதல் வாரம் அதை இழுத்து மாட்டுவதற்குள் வியர்த்துவிடும். ரப்பர் கையுறை போட்டு மாட்டினால் வழுக்காமல் ஏறுகிறது என்று பிசியோ சொல்லிக்கொடுத்தார். அரை கிலோவில் தொடங்கி இப்போது ஒன்றரை கிலோ தூக்குகிறேன். ஆறாவது வாரம் மணிக்கட்டு 15.6.

எரிச்சல் நரம்பு வலிதானாம். இரவில் ஒரு மாத்திரை. குறைந்திருக்கிறது, போகவில்லை. சட்டை உரசினால் இன்னும் தெரிகிறது.

ஒரு சந்தேகம். இரண்டு நாட்களாக உறை அணிந்த கையில் விரல்கள் மட்டும் மாலையில் சற்று உப்புகின்றன. உறையைக் கழற்றினால் போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

நாடாவும்பேனாவும் | ஞாயிறு, மாலை 5:30

விடாதீர்கள். மணிக்கட்டில் உறையின் விளிம்பு சுருண்டு மடிகிறதா பாருங்கள். இல்லையென்றால் உள்ளங்கையையும் சேர்த்து மூடும் கையுறை வேண்டியிருக்கும். நாளைக்கே அளவெடுத்தவரிடம் காட்டுங்கள். மாலையில் போங்கள்.

நெட்டெழுத்து | ஞாயிறு, மாலை 5:34

விளிம்பு சுருண்டுதான் இருக்கிறது. நாளை நான்கரைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.